தாத்தாவின் இழைப்புளி பலாப் பலகையில் ஏன் அடைத்துக்கொள்கிறது?

கடலூர் முதுநகரில் தம் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் போட விரும்பும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தாத்தா மரம் சீவி மட்டமாக்கப் பயன்படுத்திய இரும்பு இழைப்புளி பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த பலாப் பலகையில் ஓட்டினால் இரண்டு தள்ளலுக்குள் அதன் வாய், அதாவது அடியில் சீவல் நுழையும் பிளவு, அடைத்துக்கொள்கிறது. ஓடுகிற இடத்திலும் நார் பிய்ந்து சிறு குழிகள் விழுகின்றன. துடைத்து வைத்த இரும்பு ஒரே வாரத்தில் மறுபடியும் துருப்பிடிக்கிறது. இழைப்புளியின் அடிப்பரப்பைத் தேய்த்து மட்டமாக்க வேண்டுமா, புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா, இல்லை மின்சார இயந்திரம்தான் வழியா என்று கேட்கிறார்.

உங்கள் இழைப்புளியை மாற்ற வேண்டியதில்லை. அடியைத் தேய்க்கும் வேலையையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் சொல்லும் முதல் இரண்டு குறைகளும் மரத்தை வெட்டும் அலகிலும், அதன் மேல் உட்காரும் தகட்டிலும் இருக்கின்றன. வேலை கற்றுக்கொண்ட காலத்தில் நானும் அடியில்தான் தொடங்கினேன்; இரண்டு நாள் உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கினேன், மரம் முன்பு போலவேதான் பிய்ந்தது. பிறகு ஒரு மூத்த ஆசாரி அலகைக் கழற்றித் தீட்டி மாட்டித் தந்தார். அதே மரத்தில் அதே இழைப்புளி ஒரு முழு நீள மரச்சுருளை எடுத்தது. இழைப்புளி என்பது ஓர் உளியைக் குறிப்பிட்ட சாய்வில், அசையாமல், குறிப்பிட்ட ஆழத்துக்கு மட்டும் நீட்டிப் பிடித்துக்கொள்ளும் சட்டம். உளி கூராக இல்லையென்றால் சட்டம் எவ்வளவு மட்டமாக இருந்தும் பயனில்லை.

முதலில் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 1867-இல் லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற வடிவமே இன்று இந்தியாவில் வார்க்கப்படும் இரும்பு இழைப்புளிகளுக்கும் அடிப்படை. 1869-இல் ஸ்டான்லி நிறுவனம் அந்த உரிமையை வாங்கி வரிசை எண் கொடுத்து விற்றது. ஆகவே உங்களுடையது எந்த நிறுவனத்தின் பெயர் தாங்கியிருந்தாலும் உள்ளே இருப்பவை இவைதாம்: மேலே நெம்பி அழுத்தும் மூடி, அதன்கீழ் திருகால் பிணைக்கப்பட்ட அலகும் மேல்தகடும், அவை 45 டிகிரியில் சாய்ந்து உட்காரும் இரும்புப் படுக்கை, ஆழத்தை மாற்றும் பித்தளைச் சக்கரம், அலகை இடம் வலமாகத் திருப்பும் சிறு நெம்புகோல். நீளத்தையும் அளந்து பாருங்கள். ஒன்பதரை அங்குலம் என்றால் அது 4-ஆம் எண், கடைசி மெருகுக்கு உரியது. 14 அங்குலம் என்றால் 5-ஆம் எண், எல்லா வேலைக்கும் ஈடுகொடுக்கும். 22 அங்குலம் என்றால் 7-ஆம் எண், நீண்ட பலகையின் மேடுபள்ளத்தை நிரவவும் பலகைகளை ஒட்டுவதற்கு விளிம்பு நேராக்கவும் பயன்படும். குட்டையான இழைப்புளி பள்ளத்துக்குள் இறங்கி ஏறும்; நீளமானது மேடுகளின்மேல் மட்டுமே தங்கி அவற்றைச் சீவும். ஐந்தடி ஊஞ்சல் பலகைக்கு 5-ஆம் எண் ஒன்றே போதும்.

துருவை எடுக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பித்தளைச் செம்பு துலக்கும் புளியே இதற்கும் உதவும். புளியில் உள்ள அமிலம் துருவைக் கரைக்கும். கெட்டியான புளிக்கரைசலிலோ வினிகரிலோ இரும்புப் பகுதிகளை ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் நாரால் தேய்த்துக் கழுவி, சமையல் சோடா கலந்த நீரில் ஒருமுறை அலசி, உடனே துணியால் துடைத்து வெயிலில் சுட வைத்து எண்ணெய் தடவிவிடுங்கள். சோடா நீரில் அலசுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் அமிலம் மறுநாளே புதுத் துருவைக் கிளப்பும். மரக் கைப்பிடிகளைக் கரைசலில் போடக் கூடாது. துரு போன பிறகு அலகின் தட்டையான பக்கத்தில், முனையை ஒட்டிப் புள்ளிப் புள்ளியாக அரிப்புக் குழிகள் தெரிந்தால், குழி இல்லாத இரும்பு வரும்வரை முனையைச் சாணையில் குறைக்க வேண்டும். ஒரு குழி முனைக்கு வரும்போதெல்லாம் அந்த இடத்தில் அலகு உடைந்த பல்லாகிவிடும். மரத்தில் அது ஒரு நீளக் கோடாக விழும்.

சாணைச் சக்கரத்தில் பிடிப்பதாக இருந்தால் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். ஒருமுறை நான் கொடுத்தனுப்பிய அலகு முனையில் நீலம் பாய்ந்து திரும்பி வந்தது. கரி எஃகு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியசை நெருங்கும்போதுதான் அந்த நீலம் ஏறும். அதற்குள் அலகின் கடினம் இறங்கிவிட்டிருக்கும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் பத்துத் தள்ளலுக்குத் தாங்காது. நீலம் பட்ட அளவு முழுவதையும் தேய்த்து எறிவதைத் தவிர வேறு வழியில்லை. சக்கரத்தில் இரண்டு மூன்று நொடி பிடித்து, தண்ணீரில் தோய்த்து, விரலில் சூடு உறைக்காமல் பார்த்துக்கொண்டால் இந்த இழப்பு நேராது.

தீட்டுவதில் முதல் வேலை, சரிவான பக்கத்தில் இல்லை. தட்டையான முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. அவற்றில் ஒன்று கரடாக இருந்தால் கோடும் கரடாகவே இருக்கும். முதுகு முழுவதும் கண்ணாடியாக வேண்டியதில்லை. முனையை ஒட்டி ஒரு விரற்கடை அகலம் கல்லில் படிந்து ஒரே சீராக மின்னினால் போதும். இதை ஒருமுறை செய்துவிட்டால் நெடுங்காலத்துக்கு மறுபடி செய்ய வேண்டியிராது. பிறகு சரிவு. சாணையில் 25 டிகிரி, கல்லில் முனைக்கு மட்டும் 30 டிகிரி என்பது நெடுங்காலமாக ஒத்துவந்த அளவு. கோணமானி தேவையில்லை: சரிவின் நீளம் அலகின் பருமனைப் போல் சரியாக 2 மடங்கு இருந்தால் அது 30 டிகிரி, 2.4 மடங்கு இருந்தால் 25 டிகிரி. பழைய அலகுகள் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் பருமன் உள்ளவை, ஆகவே ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த சரிவு அவற்றுக்கு உரியது.

எந்தக் கல் என்பதைவிடக் கல் மட்டமாக இருக்கிறதா என்பது முக்கியம். வீடுகளில் இருக்கும் பழைய எண்ணெய்க் கற்கள் நடுவில் குழிந்திருக்கும். அதில் தேய்த்தால் அலகின் முனை வளைந்த கோடாகும், முதுகு எந்நாளும் தட்டையாகாது. தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 220 எண் உப்புத்தாளை வைத்து, தண்ணீர் விட்டுக் கல்லை அதன்மேல் தேய்த்தால் மட்டம் திரும்பிவிடும். கல்லே இல்லையென்றாலும் அதே கண்ணாடியில் 400, 1000, 2000 எண் தண்ணீர்த்தாள்களை அடுத்தடுத்து ஒட்டித் தீட்டலாம். நேராக்கிய கல்லில் சரிவைத் தேய்க்கும்போது மறுபக்கம் முனை நெடுகிலும் மெல்லிய பிசிறு எழும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். பிசிறு முழு அகலத்திலும் எழாத வரை அந்தக் கல்லை விட்டு அடுத்த நுண்கல்லுக்குப் போகக் கூடாது. அவசரப்படுபவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். எழுந்த பிசிறை முதுகைக் கல்லில் படிய வைத்து ஓரிரு முறை இழுத்து நீக்குங்கள். கடைசியாகத் தோல் வாரில், முனை பின்னால் வரும்படி, பத்து இழுப்பு இழுங்கள். நாவிதர்கள் சவரக்கத்தியை வாரில் தீட்டியது இதே காரணத்துக்காகத்தான். கூரைச் சோதிக்க விளக்கடியில் முனையை நேராகப் பாருங்கள்: மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக ஒளியைத் திருப்பிக் காட்டும், கூரான முனை கண்ணுக்கே தெரியாது. இரு ஓர மூலைகளையும் இரண்டு மூன்று கூடுதல் இழுப்பால் துளி உருட்டிவிட்டால், மெருகு இழைக்கும்போது பலகையில் படிக்கட்டுப் போன்ற கோடுகள் விழா.

இனி மேல்தகடு. சிலர் இதைக் கேப் என்பார்கள். இது அலகுக்கு வெறும் துணை என்று நினைத்துத் திருகி மாட்டிவிடுவதால்தான் உங்களுக்கு வாய் அடைக்கிறது என்பது என் கணிப்பு. அலகோடு சேர்த்துப் பிணைத்துவிட்டு இரண்டுக்கும் இடையே வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். மயிரிழை அளவு ஒளிக்கோடு தெரிந்தாலும் மெல்லிய சுருள் அதில் நுழைந்து சிக்கும். சிக்கிய ஒன்றின்மேல் அடுத்தது மடங்கும். மூன்றாவது தள்ளலில் வாய் மூடிவிடும். தகட்டின் முன்விளிம்பின் அடிப்பக்கத்தைக் கல்லில் வைத்து, வால்பக்கம் கல்லின் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பிடித்துத் தேயுங்கள். இப்படிச் செய்தால் விளிம்பின் நுனி மட்டுமே அலகைத் தொடும், இடைவெளி இன்றித் தொடும். சுருள் ஏறி வரும் மேற்பக்கத்தையும் கீறல் இல்லாமல் மெருகேற்றிச் சிறிது மெழுகு தடவுங்கள்.

தகட்டின் விளிம்பு அலகின் கூரிலிருந்து எவ்வளவு பின்தள்ளி நிற்கிறது என்பதில்தான் நார் பிய்வதற்கான மருந்து இருக்கிறது. நாரோட்டம் அலகுக்கு எதிராகத் திரும்பும் இடத்தில், அலகு வெட்டுவதற்கு முன்பே சுருள் நெம்புகோல் போல நாரைப் பிளந்துகொண்டு முன்னே ஓடுகிறது. பிளவு மரத்துக்குள் இறங்குவதால் குழி விழுகிறது. தகடு கூருக்கு மிக அருகில் இருந்தால், எழும் சுருள் உடனே அதன்மேல் மோதி முன்புறமாக மடக்கப்படுகிறது, பிளவு ஓட இடமில்லாமல் அலகு நாரை வெட்டிவிடுகிறது. ஜப்பானில் யமகதா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கவாய், கட்டோ ஆகிய இருவர் இந்த இடத்தை மிக அருகிலிருந்து படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். தகடு நெருங்க நெருங்கப் பிளவு மறைவது அதில் கண்கூடாகத் தெரியும். பொது வேலைக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி சரி. பலாவின் கடைசி மெருகுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையின் பருமன், ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், வேண்டும். திருகை இறுக்கும்போது தகடு ஒரு துளி முன்னே நகரும். எனவே முதலில் சற்றுப் பின்னால் வைத்து அரைகுறையாக இறுக்கி, மெல்லத் தள்ளிச் சரிசெய்து, பிறகு முழுவதும் இறுக்குங்கள். இடைவெளி சரியாக அமைந்தால் சுருள் வட்டமாகச் சுருளாமல் நாடா போல நேராக எழுந்து நிற்கும். அதைப் பார்த்ததும் அமைப்பு சரி என்று உறுதி செய்துகொள்ளலாம்.

படுக்கையின் மேல் துருத்துகளோ பழைய பிசினோ இருந்தால் அலகு அதிரும். மரத்தில் அலையலையான தடம் விழும். அதைச் சுரண்டித் துடைத்து, படுக்கையின் கீழ்விளிம்பு வாயின் பின்விளிம்போடு ஒரே சரிவில் சேரும்படி வைத்துத் திருகுங்கள். வாயைக் குறுக்க வேண்டும் என்று படுக்கையை முன்னே தள்ளுவது பழைய அறிவுரை; மேல்தகடு நெருக்கமாக இருக்கும்போது அப்படிச் செய்தால் சுருளுக்கு வழியே இருக்காது. மூடியின் திருகு, அலகு அசையாத அளவுக்கு இறுகினால் போதும். பித்தளைச் சக்கரம் அதற்குப் பிறகும் விரலால் சுழல வேண்டும்.

ஆழம் வைக்கும் முறை: இழைப்புளியைக் கவிழ்த்து, மூக்கிலிருந்து அடியின் நெடுகே வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள், அலகு கருங்கோடாகத் தெரியும். ஒருபக்கம் தடித்திருந்தால் நெம்புகோலால் சமன்செய்யுங்கள். பின்னர் அலகு மறையும்வரை உள்ளே இழுத்து, பலகையில் ஓட்டிக்கொண்டே சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, முதல் தூசி எழும் இடத்தைப் பிடியுங்கள். பழைய சக்கரத்தில் அரைச்சுற்றுக்கு மேலும் தளர்வு இருக்கும். ஆகவே கடைசித் திருப்பம் எப்போதும் அலகை வெளியே தள்ளும் திசையில் முடிய வேண்டும். உள்ளே இழுத்துவிட்டு அப்படியே ஓட்டினால், அலகு தாங்க ஆளில்லாமல் ஒவ்வொரு தள்ளலிலும் பின்வாங்கும். ஒரு மெல்லிய சிம்பை அலகின் இடது மூலையிலும் வலது மூலையிலும் ஓட்டி, இரண்டு சீவல்களின் பருமனும் ஒன்றா என்று பார்த்தால் கண்ணைவிடத் துல்லியமாகத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு இழைப்புளி சரியாக ஓடினால் அடியைத் தொடாதீர்கள். ஓடவில்லை, அல்லது மெல்லிய சீவல் நடுவில் அறுந்து அறுந்து வருகிறது என்றால் மட்டும் சோதியுங்கள். அலகை உள்ளே இழுத்து, மூடியை வழக்கம்போல இறுக்கியே வைத்துக்கொண்டு (இறுக்கத்தில் வார்ப்பிரும்பு துளி வளையும் என்பதால்), அடியில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டு, கண்ணாடிமேல் வைத்த 120 எண் உப்புத்தாளில் நாலு முறை இழுங்கள். மூக்கு, வாயின் முன்விளிம்பு, வால் ஆகிய மூன்று இடங்களிலும் கோடு அழிந்திருந்தால் அடி நன்றாகவே இருக்கிறது. மற்ற இடங்களில் கோடு மிச்சமிருப்பது குறையில்லை. வாயின் முன்விளிம்பில் மட்டும் அழியவில்லை என்றால்தான் தேய்க்க வேண்டும், அது அழியும் வரைதான் தேய்க்க வேண்டும்.

இப்போது உங்கள் பலகைக்கு வருகிறேன். பலா நம் மாவட்டத்து மரம். தஞ்சாவூர் வீணைக்குக் குடமாகிற மரம். வெட்டும்போது மஞ்சளாக இருந்து வெளிச்சம் பட்டு ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன்நிறமாகி, பிறகு செம்பழுப்பாக முதிரும். தேக்கைப் போல மணல்சத்து நிறைந்து அலகை விரைவில் தின்பதில்லை. ஆனால் அதன் நார்கள் ஒரே பக்கமாக ஓடாமல், ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை அப்படியுமாகப் பின்னி ஓடும். வேம்பும் அப்படித்தான். அதனால் ஒரே பலகையில் ஒரு சாண் வழுவழுப்பாகவும் அடுத்த சாண் பிய்ந்தும் வருவது உங்கள் கைக்குறை அன்று. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் எழும் அல்லவா? மரத்தின் நாரும் அதே மாதிரிதான். பலகையின் பக்கவிளிம்பைப் பாருங்கள். நார்க்கோடுகள் நீங்கள் தள்ளும் திசையில் மேலேறிப் போகிறதென்றால் அது தலையிலிருந்து வாலுக்கு. இறங்கிப் போகிறதென்றால் பலகையைத் திருப்பிப் போட வேண்டும். பின்னி ஓடும் இடங்களில் எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதி எதிராகத்தான் இருக்கும். அங்கே நெருக்கமான மேல்தகடு, அப்போதே தீட்டிய கூர், செய்தித்தாளின் பருமனுக்கும் குறைந்த சீவல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் மரம் பணியும். அதிலும் அடங்காத கணுவைச் சுற்றிய இடத்தைச் சுரண்டு தகட்டால் முடித்துக்கொள்வதில் தவறில்லை.

ஒன்றை முன்கூட்டியே கவனித்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலில் பண்ருட்டி வட்டாரத்தின் பலா மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அவற்றில் அறுத்த பலகைகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன, நன்கு உலர்ந்தவை என்று மதிப்போடு கைமாறுகின்றன. உலர்ந்தவைதாம். ஆனால் காற்றில் கடுமையாக வளைந்த மரத்தில், நாருக்குக் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகளாக உள்முறிவு ஏற்பட்டிருக்கலாம். இழைத்த பரப்பில் சாய்வெளிச்சத்தில்தான் அவை தெரியும். அப்படிக் குறுக்குக் கோடு தென்பட்டால் அந்தப் பலகை அலமாரிக்கு ஆகும், நான்கு பேர் உட்கார்ந்து ஆடும் ஊஞ்சலுக்கு ஆகாது.

இழைக்கும் முன் பலகையைத் தூரிகையால் நன்றாகத் தட்டித் துடையுங்கள். நம் ஊரில் எங்கு வைத்த பலகையிலும் மணல் இருக்கும், ஒரு மணல் பட்டாலும் கூர் போகும். உப்புத்தாள் போட்ட பரப்பில் மறுபடி இழைப்புளியை ஓட்டக் கூடாது என்பதும் அதனால்தான். தாளின் துகள்கள் மரத்தில் பதிந்திருக்கும். புதுச்சேரியில் இடித்த பழைய வீடுகளின் கதவு, உத்தரம் ஆகியவற்றை வாங்கி இழைப்பவர்கள் காந்தத்தால் ஒருமுறை தடவி ஆணி பார்த்த பிறகே அலகை வைக்க வேண்டும்.

பலகை முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க, ஒரே அகலமுள்ள இரண்டு நேர்ச்சட்டங்களைப் பலகையின் இரு கோடியிலும் குறுக்கே வைத்து, கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் மேல்விளிம்போடு மற்றதன் மேல்விளிம்பைச் சேர்த்துப் பாருங்கள். உயர்ந்த இரண்டு எதிர்மூலைகளையும் முதலில் சீவிக் குறையுங்கள். பிறகு தடித்த சீவலாகப் பலகையின் குறுக்காகவும் சாய்வாகவும் ஓட்டி மட்டம் கொண்டுவந்து, கடைசியில்தான் நாரோட்டத்தோடு நெடுக ஓட்ட வேண்டும். தொடக்கத்தில் அழுத்தம் முன்குமிழில், நடுவில் இரு கையிலும், முடிவில் பின்கைப்பிடியில் இருக்க வேண்டும்; இதை மறந்தால் பலகையின் இரு முனையும் தாழ்ந்து நடு புடைக்கும். தோளால் தள்ளாமல், முன்காலுக்கு உடம்பின் எடையை மாற்றித் தள்ளுங்கள். ஒரு மெழுகுவர்த்தியை அடியில் ஒரு கோடு இழுத்துவிட்டால் பாதி உழைப்பு குறைவதைக் கையே சொல்லும். முனைக் குறுக்குவெட்டை இழைக்கும்போது எதிர்விளிம்பை முன்பே சரித்துவிட்டு, துளித் தண்ணீரோ எண்ணெயோ தொட்டு இழையுங்கள். இல்லையேல் ஓரம் உடையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டமாக இழைத்த பலகை சித்திரை வெயிலில் மட்டமாக இராது. நம் கடற்கரையில் காற்றின் ஈரப்பதம் 75 முதல் 80 விழுக்காடு வரை நிற்கும் நாட்களில், நிழலில் உள்ள மரம் 14 முதல் 16 விழுக்காடு ஈரத்தில் வந்து நிலைகொள்ளும். வறண்ட நாட்களில் அது குறையும், மரம் அகலவாக்கில் சுருங்கும். ஆகவே பலகையை ஊஞ்சல் தொங்கப்போகும் அதே கூடத்தில், அடியில் கட்டைகள் கொடுத்து இரு பக்கமும் காற்றுப் படும்படி சில வாரங்கள் வையுங்கள். சிமெண்டுத் தரையில் ஓர் இரவு படுக்க வைத்தாலே அடிப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். ஒருபக்கம் மட்டும் நிறையச் சீவாமல், இரு பக்கமும் மாறி மாறிச் சீவுங்கள்.

மூன்றாவது குறை துரு. முதுநகரில் உப்பங்காற்று எந்தப் பரணையும் விடாது. காற்றோடு நம் கைவியர்வையின் உப்பும் சேர்கிறது. ஒரு வாரத்தில் துரு வந்ததற்குக் காரணம் நீங்கள் வெறுந்துணியால் துடைத்து வைத்ததுதான். தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த ஒரு துணிச்சுருளை மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் அடி, பக்கங்கள், அலகு ஆகியவற்றை அதனால் ஒருமுறை வருடிவிடுங்கள். அரை நிமிட வேலை. தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், நாளானால் சிக்குப் பிடிக்கும். கருவிப்பெட்டியில் கற்பூரம் போடும் வழக்கம் பலரிடம் உண்டு. போடலாம், எண்ணெய்க்கு அது மாற்றாகாது. செய்தித்தாளில் சுற்றி வைப்பது கூடாது, தாள் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வேலையின் நடுவே பலகைமேல் நிமிர்த்தி வைக்கலாம். சிமெண்டுத் தரையிலோ மணலிலோ வைக்க நேர்ந்தால் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் கழற்றிச் சுத்தம் செய்ய ஆயுத பூசையைவிடப் பொருத்தமான நாள் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளைக்குச் சற்று முன்பாக அது வருகிறது. அன்று திருகுகளுக்கு எண்ணெய் இடுங்கள், வெயில் காலத்தில் சுருங்கித் தளர்ந்த கைப்பிடித் திருகுகளை இறுக்குங்கள், கைப்பிடி மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு கை பூசுங்கள். பூசையில் வைத்த சந்தனமும் குங்குமமும் ஈரமானவை. மறுநாள் எடுக்கும்போது அவற்றை முழுவதும் துடைத்து எண்ணெய் தடவ மறக்காதீர்கள். அலகின் முகத்தில் பொட்டு வடிவிலேயே துருப் பதிந்திருப்பதை நான் பல பட்டறைகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன்; கைப்பிடியில் பொட்டு வைத்தால் அந்த இழப்பும் இல்லை.

மின்சார இயந்திரத்தைப் பொறுத்தவரை, கரடான பலகையிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் எடுக்க வேண்டியிருந்தால் அதை வாடகைக்கு எடுப்பது நேரத்தை மிச்சமாக்கும். ஆனால் அதன் உருளையில் சுழலும் அலகுகள் பரப்பில் குறுக்கு அலைகளை விட்டுச்செல்லும், பலாவின் பின்னிய நாரையும் பிய்க்கும். அந்த அலைகளையும் பிய்ப்பையும் எடுக்க மறுபடி கை இழைப்புளிதான் வேண்டும். உங்கள் பலகை ஏற்கெனவே அறுவை மில்லில் அறுத்து வந்ததென்றால் இயந்திரம் தேவையே இல்லை. சங்கிலி வளையங்களுக்கான துளைகளை முதலில் போட்டு, துளையைச் சுற்றி எழும் பிசிறையும் சேர்த்துக் கடைசி மெருகில் சீவிவிடுங்கள். பலகையின் நான்கு விளிம்புகளையும் உட்காருபவரின் தொடையை அறுக்காதபடி மூன்று நான்கு தள்ளலில் உருட்டி, அதே நாளில் இரு பக்கமும் எண்ணெய் பூசிவிட்டால் அடுத்த மழைக்கு முன் ஊஞ்சலை மாட்டிவிடலாம்.